சிறுகச் சேர்த்த காசு

கிறிஸ்துமஸ் பெருநாள் சொல்லாமல் வருவதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அது வரும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். எனினும், அதற்குரிய செலவு மட்டும் பலருடைய இல்லங்களில் எதிர்பாரா விருந்தினரைப் போல வந்து நிற்கிறது. புத்தாடை, பலகாரம், உறவினர்க்கு விருந்து, பிள்ளைகளுக்குப் பரிசு என்று ஒரு திங்களின் வருவாயில் அடங்காத செலவு ஒரே வாரத்தில் வந்து சேர்கிறது. அதனை எதிர்கொள்ளும் வழிகள் மூன்று. கடன் வாங்கிக் கொண்டாடிவிட்டு அடுத்த ஆண்டில் வட்டி கட்டலாம், கொண்டாட்டத்தையே சுருக்கிக்கொள்ளலாம், அல்லது, ஜனவரி முதலே வாரந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்பது குடும்பக் கணக்கைச் சார்ந்த கேள்வியாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், அது அறத்தைச் சார்ந்த கேள்வியும் ஆகும்.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஒரு குழந்தையின் நினைவைப் போற்றும் நாளுக்குப் பணம் எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வி நேர்மையானதே. வழிபாட்டுக்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால், பெருநாள் என்பது வழிபாடு மட்டும் அன்று. ஆண்டு முழுதும் தன் குடும்பத்தின் பசியை மட்டுமே எண்ணி உழைக்கும் ஏழையும் அந்த ஒரு நாளில் பிறர்க்குக் கொடுப்பவன் ஆகிறான், விருந்தோம்புபவன் ஆகிறான். கொடுக்கும் இன்பம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஏழை அதனை விலை கொடுத்தே பெற வேண்டியிருக்கிறது. அந்த விலையைச் சிறிது சிறிதாகச் செலுத்துவதே ஆண்டு முழுதும் சேமித்தல்.

இவ்வழக்கம் பழமையானது. விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தில் 'வாத்துச் சங்கம்' என்னும் ஏற்பாடு உழைக்கும் மக்களிடையே இருந்தது. வாரந்தோறும் சில காசுகளைச் செலுத்தி வந்தால், கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு வாத்து கிடைக்கும். ஆர்தர் கோனன் டாயில் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றில், களவு போன நீலக்கல் ஒரு வாத்தின் வயிற்றில் அகப்படுகிறது. அந்த வாத்து, மதுக்கடைக்காரர் ஒருவர் நடத்திய இத்தகைய சங்கத்தின் வழி வந்ததே. அமெரிக்காவில், 1909ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகர வங்கி ஒன்று 'கிறிஸ்துமஸ் கழகம்' என்னும் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிற்று. பின்னர் அம்முறை நாடெங்கும் பரவிற்று.

இத்தகைய சேமிப்பில் வட்டி குறைவு. சில திட்டங்களில் வட்டியே இல்லை. இடையில் பணத்தை எடுப்பதும் எளிதன்று. சாதாரண வங்கிக் கணக்கில் இட்டால் வேண்டும்போது எடுக்கலாமே, இவர்கள் ஏன் பணத்தைப் பூட்டி வைக்கிறார்கள் என்று கணக்கறிந்தோர் சிலர் வினவுவர். அவர்கள் குறை என்று கருதும் அந்தப் பூட்டையே சேமிப்போர் நாடி வருகின்றனர். கைக்கெட்டும் தொலைவில் உள்ள பணம் கரைந்துபோகும் என்பதை ஏழைத் தாய் பட்டறிவால் அறிவாள். ஆதலால், தன் கைக்குத் தானே விலங்கிட்டுக்கொள்கிறாள்.

இது அடிமைத்தனமா, விடுதலையா? பிறர் இடும் விலங்கு அடிமைத்தனம் என்பதில் ஐயமில்லை. ஆனால், மனம் உறுதியாக உள்ள வேளையில், அது தளரக்கூடிய வேளைக்கு வேலி கட்டுபவள் தன்னைத் தானே ஆள்கிறாள். வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். தன் வலியை அறிதல் என்பதில் தன் மெலிவை அறிதலும் அடங்கும் அன்றோ?

ஆயினும், வேலி பயிருக்காகவே உள்ளது. மார்ச் திங்களில் அண்டை வீட்டுக் குழந்தை நோயுற்று, மருந்துக்குப் பணமின்றித் தாய் கலங்கி நிற்கும்போது, "இது பெருநாளுக்கு வைத்த பணம், தொடமாட்டேன்" என்பது உறுதி ஆகாது, அது கல்மனம். அப்பணத்தை எடுத்துக் கொடுத்தவள் பெருநாளை இழந்தவள் அல்லள்; அதனை முன்கூட்டியே கொண்டாடியவள். கொடுப்பதற்கென்று சேர்த்ததையே அவள் கொடுத்தாள். நாள்தான் மாறிற்று, நோக்கம் மாறவில்லை. ஆசைக்காக எடுப்பதும் பிறர் துயர் துடைக்க எடுப்பதும் ஒன்றாகா.

இதுவரை சேமிப்போரின் கடமையைக் கண்டோம். அப்பணத்தைப் பெற்றுக் காப்போரின் கடமை யாது? இதற்கு அண்மைக் கால வரலாறு ஒரு கசப்பான பாடத்தை வைத்திருக்கிறது. பிரிட்டனில் ஃபேர்பாக் என்னும் நிறுவனம் ஆண்டு முழுதும் மக்களிடம் சிறு தொகைகளைப் பெற்று, கிறிஸ்துமஸுக்கு முன் உணவுக் கூடைகளும் கடைப் பற்றுச்சீட்டுகளும் வழங்கி வந்தது. 2006ஆம் ஆண்டு அக்டோபரில் அது நொடித்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செலுத்திய ஏறத்தாழ 37 மில்லியன் பவுன் பணம் முடங்கிப்போயிற்று. அவர்களுள் பலர் குறைந்த வருவாயினர். உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் பணம் திரட்டிக் கொடுத்த முகவர்களோ, தாமும் இழந்து, பிறர் முகத்தில் விழிக்கவும் கூசினர்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பகுதிப் பணம் திரும்பி வந்தது. ஆனால், அவர்கள் இழந்தது பணம் மட்டுமா? வாரந்தோறும் வேண்டாம் என்று தமக்குத் தாமே மறுத்துக்கொண்ட சிறு இன்பங்களின் தொகுதி அன்றோ அப்பணம்? செல்வரின் நூறு வெள்ளியும் ஏழையின் நூறு வெள்ளியும் கணக்கேட்டில் ஒன்று. அறத்தின் தராசில் ஒன்றல்ல. சேமிப்புத் திட்டம் நடத்துவோர், தாம் நொடித்துப்போனாலும் மக்களின் பணம் அழியாவண்ணம் காத்தல் வேண்டும் என்னும் விதி பிரிட்டனில் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஏழையின் காசுக்கு வேலி எழுந்தது.

மலேசியத் தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. பலர் மாதந்தோறும் பணம் இட்டு, முறை வைத்து ஒருவர் எடுக்கும் 'கூட்டு' நம் மக்கள் அறிந்ததே. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை இந்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. நம்பிப் பணம் இடுவோரைக் காக்கச் சட்டம் தேவைதான். ஆயினும், சட்டம் குற்றத்தைத் தண்டிக்க வல்லது. நாணயத்தை விதைக்க வல்லதன்று. அவ்விதை வேறிடத்தில் ஊன்றப்பெறுதல் வேண்டும்.

அவ்விடம் பள்ளிக்கூடமே. சேமிப்பின் பயனை மாணவர்க்கு நாம் ஓயாது எடுத்துரைக்கிறோம். பிறர் சேமிப்பைக் காக்கும் அறத்தை அத்துணை அழுத்தமாக உரைப்பதில்லை. பள்ளித் தமிழ்க் கழகத்தின் பொருளாளராகும் மாணவனின் கையில், ஆண்டிறுதி விருந்துக்கென்று நண்பர்கள் தந்த இரண்டிரண்டு வெள்ளி இருக்கிறது. அது தன் பணம் அன்று, ஒரு நாள் இரவல் எடுத்துக்கொள்ளவும் தனக்கு உரிமை இல்லை என்று அவன் அன்றே உணர்வானாயின், நாளை அவன் கையில் ஓர் ஊரின் பணமே இருந்தாலும் பிள்ளைகளின் பெருநாள் பொய்த்துப்போகாது.