பொறுமைக்கு ஒரு தவணை

தெய்வத்தினிடம் பாரத்தை ஒப்புவித்துக் காத்திருப்பது எதுவரை பக்தி, எதற்கு மேல் அசிரத்தை என்னும் கேள்வி, வேதாந்த சதஸ்களில் மட்டுமன்றி, பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் கடந்து போகும் ரெட்டியார்சத்திரம் போன்ற ஊர்களின் தொட்டிலடியிலும் எழுவதுண்டு. ஆண் சிசுவைக் குளிப்பாட்டுகையில் விதைப்பையின் ஒரு பக்கம் வெறுமையாயிருக்கக் கண்ட தாய்க்கு, "வளர வளரத் தானாக இறங்கிவிடும், முருகன் பார்த்துக்கொள்வான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னால், அதில் பாதி உண்மைதான்.

கருவில் வயிற்றினுள்ளே தோன்றும் விதைகள், ஏழாம் மாதத்தை ஒட்டித் தொடையிடுக்கு வழியே இறங்கத் தொடங்கி, பிறப்பதற்குள் விதைப்பையை அடைவது இயற்கை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்போரில் இன்னும் பலருக்கும் இவ்விறக்கம் பூர்த்தியாவதில்லை; ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர்க்கு முதற் சில மாதங்களில் அது தானே நிறைவேறுகிறது. 6 மாதம் கடந்தும் இறங்காதது பின்னர் இறங்குவது அரிது; குறைமாதக் குழந்தைக்கு இக்கணக்கு, பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து தொடங்கும். உடலின் உஷ்ணத்தைவிடச் சில பாகை குளிர்ந்த இடத்திலேயே செழிக்கவல்ல அவ்வுறுப்பு உள்ளேயே தங்கினால், சந்தான சக்தி குன்றுவதோடு பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம் என்பதால், 6 முதல் 18 மாதத்திற்குள் ரண சிகிச்சையால் அதனை இறக்கிப் பொருத்துகிறார்கள். கண்டறியப் பெரும்பாலும் ஸ்கேன் வேண்டியதில்லை. பழகிய வைத்தியரின் விரல்களே போதும். குளிரில் மேலேறி வெதுவெதுப்பில் இறங்கிவிடும் விதையை அவை பிரித்தறியும். அத்தகைய விதைக்குக் கத்தி வேண்டாம், ஆண்டுதோறும் பார்த்துவந்தால் போதும். இரு பக்கமும் வெறுமையாயிருந்தாலோ, பிறந்தவுடனேயே காட்டிவிட வேண்டும்.

இக்குறையை முன்வினை என்போரும் உளர். அவ்வாறே வைத்துக்கொள்வோம். வினை குழந்தையுடையதாயின், அதைக் கையிலேந்தி நிற்பவரின் கடமை யாருடையது? தன் துன்பத்தைத் தான் சகிப்பதே பொறுமை. வாய் திறந்து கேட்க இயலாத சிசுவின் உடம்பைப் பணயம் வைத்து நாம் பொறுத்திருப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. ஊழை 38-ஆம் அதிகாரத்திலும், ஆள்வினையுடைமையை 62-ஆம் அதிகாரத்திலும் பேசிய வள்ளுவர், இவ்விரண்டுக்கும் இடையே 49-ஆம் அதிகாரமாகக் காலமறிதலை வைத்திருப்பதை, அரசருக்கு மட்டும் உரியதென்று நாம் தள்ள வேண்டியதில்லை.

ஆறாம் மாதமே இதற்குரிய காலமாயினும், அரசின் தடுப்பூசி அட்டவணையில் 14-ஆம் வாரத்துக்குப் பின் 9-ஆம் மாதம் வரை அழைப்பில்லை. ஆகையால் இடைப்பட்ட காலத்தில் வைத்தியரை நாடும் பொறுப்பு பெற்றோரையே சார்ந்தது. நல்ல நாள் பார்த்து முதற் சோறு ஊட்டும் வழக்கமும் ஏறக்குறைய அந்த ஆறாம் மாதத்திலேயே வருகிறது. பஞ்சாங்கத்தைப் புரட்டும் அவ்வேளையில் விதைப்பையையும் பார்க்கட்டும். இறங்கியிருக்கவில்லையெனில், குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைத் துறையுள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் பஸ் ஏறுவதால் எந்த வேண்டுதலுக்கும் பழுது வந்துவிடாது.