குதிரையில் ஏறாதோர் பொறுப்பு: ஓர் அறவியல் நோக்கு

தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றின் கதை தமிழ் மாணவர் யாவரும் அறிந்தது. சேக்கிழார் அதனைத் திருவாரூரில் மனுச்சோழன்மேல் வைத்துப் பாடினார். மகாவம்சம் அநுராதபுரத்து எல்லாளன்மேல் வைத்துக் கூறுகிறது. ஆயின், மகாவம்சத்தின் அதே அதிகாரத்தில் எல்லாளனைப் பற்றி வரும் இன்னொரு செய்தி அத்துணைப் பரவலாக எடுத்தாளப்படுவதில்லை. சேதிய மலைக்குச் சென்று திரும்புகையில் அரசனது தேரின் நுகமுனை ஒரு தூபியிற் பட்டு அதனைச் சிதைத்துவிடுகிறது. எண்ணிச் செய்த செயலன்று அது. எனினும் அவன் தேரினின்றும் குதித்து, வழியிற் கிடந்து, தன் தலையைச் சக்கரத்தால் அறுக்குமாறு வேண்டுகிறான். அமைச்சர் தடுத்து, தூபியைச் செப்பனிடுதலே தக்க கழுவாய் என்கின்றனர். பெயர்ந்த கற்கள் 15. அவற்றைத் திரும்ப வைக்க அவன் செலவிட்டது 15,000 கஹாபணம்.

கடிவாளம் எவர் கையில் இருந்தது என்ற வினாவை அங்கு எவரும் எழுப்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேர் அரசனுடையது, ஆகவே தீங்கும் அரசனுடையது. சேக்கிழாரும், உயிர்களுக்கு நேரும் அச்சங்களுள் மன்னன் நீக்கவேண்டியவற்றை எண்ணுமிடத்து, அவன் தன்னாலேயே வருவதையும் தன்னைச் சார்ந்தோரால் வருவதையும் முன்னே நிறுத்துகிறார். காப்பவனே அச்சத்தின் காரணமாகலாம் என்ற இவ்வுணர்வு நம் இலக்கியத்தில் ஆழமாக உள்ளது. இக்காலத்தே, தேசிய மட்டத்தில் ஒழுங்கமைக்கப்படும் ஒரு விளையாட்டில், குதிரையின்மேல் ஏறாமலே குதிரையின் கதியைத் தீர்மானிப்போர் எத்தகைய பொறுப்புடையர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

குதிரையேற்றம் நமக்குத் தொலைவான பொருள் எனச் சிலர் எண்ணலாம். அரச பணத்தைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் அதனைக் கோயிலுக்குச் செலவிட்டதைப் போற்றும் மரபினர் நாம். குதிரைத் திட்டமிடலில் நமக்குப் பெருமை பேச அதிகமில்லை. எனினும் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், இலங்கையிற் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்த மத்தில்டா கார்ல்சன், சோப்பின் என்ற குதிரையுடன் நமது நாட்டின் கொடியின்கீழ்த் தடைதாண்டலிற் பங்குபற்றினார். இலங்கை சார்பில் ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இறங்கிய முதல்வர் அவரே. கொடி என்ற ஒன்று இவ்விளையாட்டில் என்ன செய்கிறது என்பது, ஆகவே, நமக்கும் உரிய வினாவாகும்.

இவ்விளையாட்டு ஆரம்பம் முதலே அரசுடன் பிணைந்தது. 1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றம் படை அதிகாரிகளுக்கே உரியதாயிருந்தது. இலண்டனில் அவ்வாண்டு பிரித்தானியர் சோபிக்காமையைக் கண்ட பியூபோட் கோமகன், அடுத்த ஒலிம்பிக்குக்கு வீரரைத் தயார்செய்யும் நோக்குடன் 1949இல் தமது பாட்மின்ரன் பண்ணைநிலத்தில் ஒரு போட்டியை ஆரம்பித்தார். இன்று உலகப் புகழ்பெற்றுள்ள அப்போட்டி ஒரு தேசியத் திட்டமாகவே பிறந்தது. 1997 முதல் தேசிய லொத்தர் நிதி பிரித்தானிய விளையாட்டுத் துறைக்குப் பாயத் தொடங்கியதும், பதக்க வாய்ப்பே நிதியை அளக்கும் கோலாயிற்று. குதிரையைத் தெரிதல், வீரரைத் தெரிதல், நான்காண்டுப் பயிற்சி, மிருக வைத்தியம், பாதை வகுத்தல், விதி இயற்றல், தவறு செய்தோரைத் தண்டித்தல் ஆகிய யாவும் ஏறக்குறைய ஒரே நிர்வாக வட்டத்துள் அடங்கின.

இவ்விளையாட்டின் கடினமான பகுதி முந்நாட் போட்டியின் திறந்தவெளி ஓட்டமாகும். அரங்கினுள் நடைபெறும் தடைதாண்டலில் குதிரையின் கால் பட்டால் கம்பு விழுந்துவிடும். திறந்தவெளியிலோ தடைகள் பெருமரங்களாலும் மதில்களாலும் அமைந்தவை, அவை விழா. முன்னங்கால்கள் அசையாத மரத்தில் மோதினால் குதிரையின் பின்னுடல் மேலெழுந்து, தலைகீழாகச் சுழன்று, முன்னே வீழ்ந்த சவாரியாளர்மேல் வீழ்கிறது. அரைத் தொன் எடை அது. 1999ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியாவில் இப்போட்டிகளில் ஐந்து சவாரியாளர் இறந்தனர்.

ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே நோக்கின், விபத்து என்றே கூறத் தோன்றும். குதிரை சற்று முந்தித் தாவியது, நிலம் ஈரமாயிருந்தது, சவாரியாளர் தூரத்தைத் தவறாகக் கணித்தார். ஆயின் பாதை வகுப்போரின் இடத்தில் நின்று நோக்கினால் காட்சி மாறுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் அத்தகைய தடைகளைத் தாண்டுவர் என்பதை அவர் அறிவார்; அவர்களுட் சிலர் விழுவர் என்பதையும் அறிவார்; எவர் என்பதை மட்டுமே அறியார். சவாரியாளருக்கு அபாயம் ஒரு சாத்தியம். திட்டமிடுவோருக்கு அது ஏறத்தாழ நிச்சயம். அறிவு வேறுபடுமிடத்துப் பொறுப்பும் வேறுபடும். "அவர் விரும்பித்தானே ஏறினார்" என்ற விடை சவாரியாளரின் துணிவுக்குப் பொருந்தலாம். தடையை நட்டவருக்கு அது விடையாகாது. குதிரையின் விடயத்தில் அவ்விடை எவருக்குமே கிடையாது.

அம்மரணங்களின் பின் ஹாட்டிங்ரன் பிரபுவின் தலைமையில் அமைந்த சர்வதேசக் குழு 2000ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அதன் மையக் கருத்து மிக எளிது: குதிரை விழாதிருக்கச் செய்யவேண்டியன யாவும் செய்யப்படல் வேண்டும், அதனைச் செய்தால் மனிதரும் காக்கப்படுவர். சவாரியாளருக்குத் தலைக்கவசம், மார்க்கவசம் என்று நோக்கிய பார்வையை இது திருப்பிவிட்டது. இதன் வழியே பிரித்தானியாவின் போக்குவரத்து ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஒரு சிறு கருவியை அமைத்தனர். தடையின் மேல்மரத்தைத் தாங்கி நிற்பது ஓர் உலோக ஊசி. குதிரையின் கால் குறிப்பிட்ட விசையுடன் மோதினால் அவ்வூசி முறிகிறது, மரம் கீழிறங்குகிறது, சுழற்சி தடைப்படுகிறது. முறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்! சிறந்த அறவியல் நூல்கள் சிலவற்றைக் காட்டிலும் இவ்வூசி எனக்கு அதிகம் கற்பித்தது எனலாம். தவறு நிகழும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பணிவு அதில் உண்டு.

ஆயின் கதை அவ்வளவில் முடியவில்லை. ஊசி முறிந்தால் சவாரியாளருக்கு 11 தண்டப் புள்ளிகள் என்பது சர்வதேச விதி. 2012, 2016 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் தனிநபர் தங்கம் வென்ற ஜேர்மனியரான மைக்கேல் யுங், டோக்கியோவில் இவ்விதியால் 11 புள்ளிகளைப் பெற்றுப் பதக்கத்தை இழந்தார். குதிரை இலேசாகத்தானே தொட்டது எனப் பலர் வாதிட்டனர். தண்டம் இல்லையேல் சவாரியாளர் தடையை மதியாது விரைவர் என்ற விதியின் நியாயத்தை நான் ஏற்கிறேன். இங்கே நோக்கவேண்டியது பிறிதொன்று. ஒரு தடையிற் பலர் ஊசியை முறித்தால், குறை தடையின் அமைப்பிலும் இருக்கலாம். புள்ளி ஏட்டில் அதற்கென ஒரு நிரல் இல்லை.

மெய்யியலாளர் இங்கு எவ்வளவு தூரம் துணைபுரிவர்? விலங்குகளுக்கு நாம் நேரடிக் கடமை உடையோம் அல்லோம் என்றார் கான்ற். விலங்கைத் துன்புறுத்துபவன் தன் நெஞ்சை வன்மையாக்கிப் பின் மனிதரையும் துன்புறுத்துவான், ஆதலால் அது தவிர்க்கத்தக்கது என்பது அவர் கொள்கை. சாட்டை ஏந்திய கைக்கு இது ஓரளவு பொருந்தும். 2012இல் வலேக்ரோ என்ற குதிரையுடன் தங்கம் வென்று பிரித்தானியரின் அன்புக்குரியவரான ஷார்லட் டுஜார்டன், பயிற்சியொன்றில் குதிரையின் கால்களில் மீண்டும் மீண்டும் சாட்டையால் அடித்த ஒளிப்பதிவு வெளிவந்தமையால் 2024 யூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். தவறை ஒப்புக்கொண்ட அவருக்குச் சர்வதேசச் சம்மேளனம் ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங் தண்டமும் விதித்தது. அவருக்கான அரச நிதியும் நிறுத்தப்பட்டது. அவர் நெஞ்சைப் பற்றிக் கான்றியர் பேசலாம்.

ஆனால் செயலகத்தில் அமர்ந்து விதியிற் கையொப்பமிடுபவரின் நெஞ்சு எதனால் வன்மையாகும்? அவர் எக்குதிரையையும் அடித்ததில்லை. வீட்டு நாயிடம் பேரன்பு காட்டுபவராகவும் இருக்கலாம். மென்மையான உள்ளம் படைத்த ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து இயற்றும் விதி, வன்மனத்தான் ஒருவனின் சாட்டையை விடப் பல குதிரைகளை வருத்துதல் கூடும். குணத்தை நோக்கும் அறவியல் இவரைச் சென்று அடைவதில்லை. துன்புறும் ஆற்றலே கருதத்தக்கது என்ற பெந்தத்தின் நெறி இவரை அடையும்; எண்ணிப் பார்த்தல் இவரது தொழிலேயாதலின் அதனை அவர் விரும்பவும் செய்வார். ஆயின் எண்ணத் தொடங்கியதும் குதிரையின் நோவு ஒரு தட்டிலும் ஒரு தேசத்தின் மகிழ்ச்சி மறுதட்டிலும் ஏறிவிடுகின்றன. அத்தராசில் குதிரை என்றும் இலேசானதாகவே நிற்கும்.

இவ்விரண்டினும் பொருத்தமானது நம்பிக்கைப் பொறுப்பு என்ற கருத்து என எண்ணுகிறேன். தன் நலத்தைத் தானே எடுத்துரைக்க இயலாதார்க்காக ஒருவர் பொறுப்பேற்கையில், அப்பொறுப்பினின்றும் தாம் ஆதாயம் பெறலாகாது என்பது சட்டத்தின் பழைய விதி. நமது கோயில் தர்மகர்த்தாக்கள் அறிந்த விதிதான். சிலர் மறந்த விதியும் ஆகும். தேசியச் சம்மேளனமோ குதிரையின் பொறுப்பாளராகவும் குதிரை வெல்லும் பதக்கத்தின் பயனாளராகவும் ஒருங்கே இருக்கிறது. மேற்சொன்ன ஒளிப்பதிவு வெளிவந்தது எந்தக் கண்காணிப்பாளராலும் அன்று, தனியொருவரின் முறைப்பாட்டால் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இதற்கு விடையாகக் குதிரைக்குத் தாண்டுதலில் விருப்பம் உண்டு என்பர். உண்மையே, விருப்பமற்ற குதிரையைத் திறந்தவெளியில் ஓட்டுதல் இயலாது. ஆயின் விருப்பத்துக்குப் பொருள் உண்டாவது மறுக்க இடமுள்ளபோதே. குதிரை தடையின்முன் நின்றுவிடுதல் அதன் மொழியில் உள்ள தெளிவான ஒரே சொல். அச்சொல்லை விதிநூல் பிழை என்றே பதிவுசெய்கிறது. டோக்கியோவில் நவீன ஐந்திறப் போட்டியில் செயின்ற் போய் என்ற குதிரை, முன்னர் ஏறிய ஒருவரிடமும் மறுத்தது. பின்னர் ஏறிய ஜேர்மனிய வீராங்கனையிடமும் மறுத்தது. சீட்டெடுத்துக் குதிரையை வழங்கி, 20 நிமிட அறிமுகத்துடன் ஏறச்செய்வது அப்போட்டியின் முறை. வீராங்கனை அழுதார், குதிரையைக் கையால் குத்திய பயிற்றுநர் வெளியேற்றப்பட்டார். உலகம் அவ்விருவரையும் வைதது. சீட்டு முறையை வகுத்தவர்களை எவர் வைதார்? அவர்கள் அவ்வாண்டு நவம்பரில் தாமே ஒரு முடிவுக்கு வந்தனர்: 2024க்குப் பின் அப்போட்டியில் குதிரையே இல்லை. எல்லாளனின் அமைச்சர் போலச் செப்பனிடாது, தேரையே கைவிட்ட தீர்வு அது.

அத்தீர்வு எங்கும் வேண்டுமென நான் கூறேன். குதிரையும் மனிதரும் பல்லாண்டு பழகிச் செய்யும் செயலில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆகவே ஒரு குறிப்பிட்ட விதியை மட்டும் சுட்டுகிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓர் அணியில் நால்வர் இறங்கலாம். சிறந்த மூவரின் புள்ளிகளே கணக்கிடப்பட்டன. களைத்த குதிரையை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கினாலும் அணி அழியாது. டோக்கியோவில் அணி மூவராகச் சுருங்கியது. மூவர் புள்ளிகளும் கணக்கிடப்பட்டன. 2024 பாரிஸிலும் அதுவே தொடர்ந்தது. மாற்றுச் சவாரியாளரை இறக்கலாம் எனினும் அதற்கும் தண்டப் புள்ளிகள் உண்டு. மாற்றத்தின் காரணம் வெளிப்படையானது: கூடுதலான நாடுகளின் கொடிகள் ஏறவேண்டும். டோக்கியோவின் திறந்தவெளி ஓட்டத்தில் சுவிற்சர்லாந்தின் ஜெற் செற் என்ற குதிரை தசைநார் அறுந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதனை இவ்விதியின்மேல் ஏற்றுதல் நியாயமன்று. அக்காயம் எவ்விதியின்கீழும் நிகழ்ந்திருக்கலாம். ஆனால் குதிரை தளர்வதை உணரும் சவாரியாளர் ஒருவரிடம், "நீ நின்றால் உன் நாடு வீழும்" என்று விதி கூறுமாயின், அவ்வேளை குதிரையின் சொல்லைக் கேளாதிருக்க அவருக்குக் கற்பிப்பது விதியே.

நான்காம் சவாரியாளர் மீள வேண்டும். அவ்வாறாயின் அணிகளின் தொகை குறையும். சில கொடிகள் இறங்கும். இறங்கும் கொடிகளுள் நம்போன்ற சிறு நாடுகளுடையனவும் இருத்தல் கூடும் என்பதை அறிந்தே இதனைக் கூறுகிறேன்.