நாடகக்காரியும் நாமும்



சில வாரங்களுக்கு முன் கெலிஓயாவிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். மகளுக்குப் பத்தொன்பது வயது. கோவிற் பாடகற்குழுவில் பாடுகிறவள், நல்ல சாரீரம். அவ்வூர்ப் பக்கத்து இசைக்குழு ஒன்று வெசாக் மேடையிலே சிங்களப் பக்திப் பாடல்கள் பாட அவளைக் கேட்டிருக்கிறது. நன்றாய் அமைந்தால் பழைய சினிமாப் பாட்டுக் கச்சேரிகளுக்கும் சேர்த்துக்கொள்வார்களாம். “சாமி, இவளுக்கு நீங்கதான் நல்ல புத்தி சொல்லணும். மாதாவைப் பாடுற வாயால இன்னொரு சமயத்துப் பாட்டைப் பாடலாமா? நாளைக்கு நாலு பேர் நாடகக்காரின்னு சொன்னா இவளை யார் கட்டுவாங்க?” என்றார் தாய். மகள் ஒன்றும் பேசவில்லை. நமக்கோ அன்று வேறு அலுவல் இருந்தது. “வேண்டாம் மகள், விட்டுவிடு” என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு அந்தப் பதில் நமக்கு உறுத்தலாயிற்று. தாய் கேட்டது ஒரு கேள்வியல்ல, இரண்டு. விசுவாசத்தைப் பற்றியது ஒன்று; மானத்தைப் பற்றியது மற்றது. இரண்டையும் ஒரே முடிச்சாய்ப் போட்டு அவர் கொண்டுவந்தார்; நாமும் முடிச்சை அவிழ்க்காமலே வெட்டி எறிந்துவிட்டோம். அப்போதுதான் கெலிஓயாவின் வழியாய்ப் போகும் அதே பாதையில் மேலே பிறந்த ஒரு பெண்ணின் நினைவு வந்தது.

பேராதனையிலிருந்து புறப்படும் நுவரெலியா வீதி கெலிஓயா, கம்பளை, புசல்லாவை கடந்து இறம்பொடைக்கு ஏறுகிறது. அந்த இறம்பொடையில் 1923 ஜனவரி 15 ஆம் திகதி டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்ற குழந்தை பிறந்தது. கொழும்புச் செட்டி சமூகத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சிறு வயதிலேயே நாடகமேடை ஏறிய அக்குழந்தைக்கு மேடை தந்த பெயர் ருக்மணி தேவி. இன்று டெய்சி இராசம்மாவை அறிந்தவர் சிலரே. ருக்மணி தேவியை அறியாத சிங்கள வீடு அருமை.

நீர்கொழும்பில் ஜயமான்ன சகோதரர்கள் நடத்திய மினர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். 1943 இல் அக்குழுவின் நகைச்சுவை நடிகரான எடி ஜயமான்னவை மணந்தார். 1947 ஜனவரி 21 இல் முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொரொந்துவ’ வெளியானபோது அதன் கதாநாயகி அவரே. அந்தப் படத்தின் பிறப்பையும் சற்று நோக்குங்கள். மினர்வா குழுவினரின் நாடகம், தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். நெறியாள்கை ஜோதிஷ் சிங்ஹ என்ற வங்காளி. இசை நாராயண ஐயர். படம் பிடித்த இடம் மதுரைச் சித்ரகலா ஸ்ரூடியோ. சிங்கள சினிமாவின் தொட்டில் மதுரையிலே ஆடியது என்றால் மிகையன்று. இந்த நன்றி எப்போதும் நினைவிலிருந்ததென்று சொல்ல முடியாது. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். அது தனியே எழுத வேண்டிய துயரம்.

நம் தாயின் முதற் கேள்விக்கு வருவோம். ருக்மணி தேவி சினிமாவுக்கு வருமுன்னரே, 1930களின் இறுதியில், எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் ‘சிரி புத்தகயா விஹாரே’ என்ற பாடலை இசைத்தட்டில் பாடினார். புத்தகயாவின் புனிதத்தைப் போற்றும் பாடல் அது. பாடியவர் கிறிஸ்தவப் பெண். கேட்டு உருகியவர்கள் பௌத்தர்கள். கண்டி வீதிகளில் வெசாக் பந்தல்களுக்குக் கீழே நடந்தவர்களுக்கு அது தெரியாத பாட்டல்ல. அப்படியானால் அவர் பொய் பாடினாரா?

கேள்வியை எளிதாய்த் தள்ளிவிட வேண்டாம். நம் ஆண்டவர் பரிசேயரை ‘வெளிவேடக்காரரே’ என்று கடிந்தபோது, சுவிசேஷம் கிரேக்கத்தில் தரும் சொல் மேடை நடிகனைக் குறிக்கும் சொல்லே. நடிகன் என்ற பெயரே வசைச்சொல்லாயிற்று! ஆனால் வசை யாருக்கு? மேடையில் நின்றவனுக்கல்ல, தெருமுனையில் நின்று பிறர் காணச் செபித்தவனுக்கு. மேடைக்காரன் வேடம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டே போடுகிறான். டிக்கட் வாங்கியவனும் அதை அறிந்தே உட்காருகிறான். அங்கே ஏமாற்றுகிறவரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. அர்ச். அகுஸ்தீனார் இதை இன்னும் கூர்மையாய்ச் சிந்தித்தார். உரோமை நடிகன் ரோசியுஸ் மேடையில் ஒரு அரசியாய்த் தோன்றும்போது அவன் பொய்யான அரசி. ஆனால் அந்தப் பொய்யினாலேதான் அவன் உண்மையான நடிகன் என்று தம் இளமைக்கால நூலொன்றில் எழுதினார். குருமடத்தில் நாம் இதைப் படித்தபோது வெறும் சொல் விளையாட்டென்று நினைத்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஆனாலும் ஒரு தடை உண்டு. உரோமையில் ஞானஸ்நானத்தைக் கேலி செய்து நடித்த ஜெனேசியுஸ், தலையில் தண்ணீர் விழுந்த கணத்திலே மெய்யாக மனந்திரும்பி வேதசாட்சியானார் என்பது பழம்பாரம்பரியம். வேடத்துக்குச் சொன்ன வார்த்தை மனதைப் பற்றிக்கொள்ளும் என்றுதானே இக்கதை சொல்கிறது? அப்படியானால் தாயின் பயத்துக்கு நியாயம் இருக்கிறதல்லவா?

இருக்கிறது. வாய் சொல்வது நெஞ்சைத் தொடாது என்று நாம் சொன்னால், பாடகற்குழுவையே கலைத்துவிடலாம். ஆனால் எதைத் தொடும் என்பதைப் பார்க்க வேண்டும். அயலவன் தன் குருவை எவ்வளவு பக்தியோடு நினைக்கிறான் என்பதைப் பாடுகிறவள் உள்ளிருந்து அறிகிறாள். 1965 இல் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று போதித்தது. அந்தப் போதனையை நாம் ஏட்டிலே வைத்திருக்கிறோம். பாடகர்கள் தொண்டையிலே வைத்திருந்தார்கள். முகைதீன் பேக் என்ற முஸ்லிமின் குரலில் பௌத்த கீதங்கள் இந்நாடெங்கும் ஒலித்தன. கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கே. ஜே. யேசுதாசின் குரலில் சபரிமலையில் ஐயப்பன் தாலாட்டு ஒலிக்கிறது; அதே யேசுதாசுக்குக் குருவாயூர்க் கோவிலுக்குள் அனுமதியில்லை என்பதும் உண்மை. குரலுக்குத் திறக்கும் கதவு ஆளுக்குத் திறப்பதில்லை.

எல்லையே இல்லையென்று சொல்ல வரவில்லை. பிறருடைய பக்திக்குக் குரல் கொடுப்பது வேறு; தானே பூத்தட்டு ஏந்திச் சென்று சரணம் சொல்வது வேறு. முன்னது கலையும் அயலன்பும், பின்னது வழிபாடு. மேடையில் நிற்கும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியுமா என்று நாம் கேட்டிருக்க வேண்டும். அவளிடம் நாம் எதையுமே கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கவே நாம் இடம் கொடுக்கவில்லை, அதுவும் அவள் குரலைப் பற்றிப் பேச வந்த நாளில்.

இரண்டாம் கேள்வி மானம். இதில் திருச்சபையின் பழைய கணக்கு சுத்தமானதல்ல. ஒளித்து என்ன பயன்? பிரான்ஸ் நாட்டில் 1673 இல் மோலியேர் இறந்தபோது அவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. 1730 இல் அத்ரியேன் லெகூவ்ரர் என்ற பேர்பெற்ற நடிகைக்கு அதுவும் மறுக்கப்பட்டது. நம் நாட்டிலும் பொரலெஸ்ஸ பாஸ்கு நாடகத்தில் பெண்கள் மேடையேறியது சர்ச்சையாயிற்று. மாதாவாக ஒரு ஆண் நடிக்கலாம், ஒரு பெண் நடிக்கக்கூடாது! ஆயினும் அதே திருச்சபையின் மாபெரும் ஆசிரியரான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், மனிதருக்கு இளைப்பாற்றி தரும் நடிகரின் தொழில் தன்னிலே பாவமல்ல என்று தெளிவாய்த் தீர்ப்பெழுதினார். அதோடு நிற்கவில்லை: அளவோடு அவர்களை ஆதரிப்பவர்கள் அவர்களது ஊழியத்துக்குரிய கூலியைக் கொடுப்பதால் நீதியே செய்கிறார்கள் என்றார். போலந்தில் நாசிகளின் ஆட்சியின்போது மறைவாய் நாடகம் நடித்த ஓர் இளைஞர் பிற்காலத்தில் பாப்பரசராகி, 1995 இல் கொழும்புக்கு வந்து, நம் கண்டியின் அப்போஸ்தலர் யோசேவாஸ் முனிவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கூலி என்ற அந்தச் சொல்லிலே நம் மனம் நின்றுவிட்டது. ருக்மணி தேவியின் முடிவு தெரியுமா? 1978 ஒக்டோபர் 28. மாத்தறையில் மேடைக் கச்சேரி ஒன்றில் பாடிவிட்டு நீர்கொழும்புக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் பயணம். வீட்டை நெருங்கும் தறுவாயில், ஜா-எலவுக்கு அருகே துடெல்லையில் வாகனம் விபத்துக்குள்ளாகி உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. நாட்டின் முதற் கதாநாயகி, தொலைதூர மேடையில் பாடிவிட்டு அத்தனை நெடுவழி வந்துகொண்டிருந்தார். இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டத்தைப் பற்றி முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். நீர்கொழும்பு மண்ணிலே அவர் அடக்கமானார். எடியும் 1981 இல் போய்ச் சேர்ந்தார்.

அகுஸ்தீனார் கார்த்தேஜ் நகரில் மாணவனாயிருந்தபோது நாடகங்களுக்கு ஓடி ஓடிப்போய் அழுதவர். பிற்காலத்தில் தம்மையே கேட்டார்: உதவ அழைக்காமல் அழ மட்டும் அழைக்கிற இது என்ன இரக்கம்? இந்தக் கேள்வியைப் பலர் நடிகர்மேல் எறிந்த கல்லாக எடுத்துக்கொண்டார்கள். நமக்கோ அது பார்த்தவர்மேல் விழுந்ததாகவே படுகிறது. ருக்மணி தேவியின் சோகப் பாட்டுக்கு அழாத வீடு எது? நம் கத்தோலிக்க வீடுகளிலும் வானொலியில் அந்தக் குரல் வந்தால் சத்தத்தைக் கூட்டினார்கள். அதே வீட்டில் மகள் பாட ஆசைப்பட்டால் வாயை மூடு என்றார்கள். குரல் வேண்டும், குரலுக்குரியவள் வேண்டாம். ஊராரின் இந்த இரட்டை வாழ்வுக்கு ‘மானம்’ என்று பெயரிட்டு, அதன் சுமையைப் பாடுகிறவளின் தலையிலே ஏற்றுகிறோம். வெளிவேடம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று வாசகர்கள் சொல்லட்டும்.

இருந்தாலும் தாயின் பயத்தில் ஒன்று மட்டும் முற்றிலும் சரி. இளம்பெண் இரவில் மேடையேறி இறங்குவது விளையாட்டல்ல. ஆகவே நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை: எத்தனை மணிக்குக் கச்சேரி முடியும்? யார் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள்? வேறு பெண்பிள்ளைகள் உண்டா? எவ்வளவு கொடுப்பார்கள், அதை யார் கையில் கொடுப்பார்கள்? வேதசாஸ்திரம் போலத் தோன்றாத கேள்விகள்தான். ஆனால் அக்குவீனாஸ் எழுதிய நீதி இவற்றிலேயே அடங்கியிருக்கிறது. துடெல்லை வீதியை நினைத்தால் வேறெதைக் கேட்கத் தோன்றும்?

அந்தத் தாய் இப்பத்திரிகையை ஒழுங்காய் வாங்குகிறவர். இதைப் படித்ததும் நம்மேல் கோபமும் வரலாம். வரட்டும். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் இருவரும் அறைவீட்டுக்கு வரவேண்டும். இம்முறை முதலில் மகள் பேசட்டும், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

— ஆசிரியர்