கைக்கு முன் செல்லும் செவி

ஒரு தொழிலை நெடுங்காலம் செய்துவருபவர் அந்தக் காலத்தின் பயனாகவே அதில் மேலும் மேலும் தேர்ச்சி பெறுவார் என்னும் நம்பிக்கை எங்கும் வேரூன்றியிருக்கிறது. மூத்த மருத்துவரைத் தேடிச் செல்வதும், அனுபவம் முதிர்ந்த ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைப்பதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போது பணியாண்டுகளை முதலில் பார்ப்பதும் அந்த நம்பிக்கையின் வெளிப்பாடுகளே. ஆனால், மருத்துவர்களின் பணியாண்டுகளுக்கும் அவர்கள் அளிக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 62 ஆய்வுகளைத் திரட்டி 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை ஆண்டுகள் கூடக்கூடத் தரம் குறைந்துசெல்வதையே சுட்டுகின்றன என்று கண்டது. இதை அக்கறைக் குறைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது. நாள்தோறும் ஒரு வேலையில் கருத்தாக ஈடுபடுகிறவரும் அதில் வளராமல் நின்றுவிடக்கூடும் என்றால், செய்வதற்கும் பயில்வதற்கும் இடையில் ஏதோ ஒரு வேறுபாடு இருக்க வேண்டும். திறனை வளர்க்க விரும்பும் எவரும் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

அந்த வேறுபாடு தொடங்கும் இடத்தை உளவியலாளர்கள் தானியக்கம் என்று அழைக்கிறார்கள். ஒரு செயலைப் புதிதாகக் கற்கும்போது அதன் ஒவ்வோர் அசைவும் மனத்தின் கவனத்தைக் கேட்கிறது. பழகப் பழக அசைவுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இறுதியில் கவனத்தின் துணையின்றியே நிகழத் தொடங்குகின்றன. இவ்வாறு கவனம் விலகிக்கொள்ளும் நிலையே தானியக்கம். இது பெரிய வரம். இது இல்லாவிட்டால் பேசிக்கொண்டே நடக்கவோ, எழுத்துக் கூட்டாமல் வாசிக்கவோ ஒருவராலும் இயலாது. ஆயினும் கவனம் விலகிய இடத்தில் திருத்தமும் நின்றுவிடுகிறது என்பது அந்த வரத்துக்குக் கொடுக்கும் விலை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தந்தி அனுப்புவோரை ஆராய்ந்து பிரையனும் ஹார்ட்டரும் 1897லும் 1899லும் வெளியிட்ட கட்டுரைகள் இதை முதன்முதலில் தெளிவாகப் பதிவுசெய்தன. தந்திப் பணியாளர் பலர் வேலைக்குப் போதுமான வேகத்தை எட்டியதும் அங்கேயே ஆண்டுக்கணக்கில் நின்றனர். மேலான பணிக்கு அதிக வேகம் வேண்டும் என்ற நெருக்கடி வந்து, முனைந்து முயன்ற பின்னரே அவர்களால் அந்த எல்லையைக் கடக்க முடிந்தது. போதும் என்ற அளவை எட்டும்வரை அனுபவம் ஒருவரைக் கொண்டுசேர்க்கிறது. அதற்கு அப்பால் அனுபவம் செய்வதெல்லாம் இருப்பதை உறுதிப்படுத்துவதே, பிழைகளையும் சேர்த்து.

போதுமான அளவைக் கடப்பதற்கென்றே அமைந்த முயற்சிக்குச் சுவீடனில் பிறந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் தந்த பெயரைத் தமிழில் திட்டமிட்ட பயிற்சி எனலாம். ஒரு திறனை முழுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யாமல், அதன் ஒரு கூறை மட்டும் பிரித்தெடுத்து, அதை இப்போதைய ஆற்றலுக்குச் சற்று அப்பால் வைத்து, ஒவ்வொரு முயற்சிக்கும் உடனடியாக விளைவை அறிந்து, அறிந்ததற்கேற்ப அடுத்த முயற்சியை மாற்றிக்கொள்வதே அதன் சாரம். எரிக்சனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் மேற்கு பெர்லினின் இசைக் கல்விநிலையத்தில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. மிகச் சிறந்த மாணவர்கள், நல்ல மாணவர்கள், இசையாசிரியர் பயிற்சி பெறுவோர் என மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்ட அவர்களுள், முதற்குழுவினர் 18 வயதுக்குள் தனிமையில் பயின்ற நேரம் சராசரியாக 7,410 மணி என்றும், இரண்டாம் குழுவினருக்கு அது 5,301 மணி என்றும், மூன்றாம் குழுவினருக்கு 3,420 மணி என்றும் கணக்கிடப்பட்டது. இந்த ஆய்விலிருந்து, 20 வயதளவில் முதற்குழுவினர் எட்டிய சராசரியை ஒட்டிய 10,000 மணி என்ற எண்ணை மட்டும் எடுத்து, மால்கம் கிளாட்வெல் 2008ஆம் ஆண்டின் ‘அவுட்லையர்ஸ்’ நூலில் ஒரு விதியாக்கிப் புகழ்பெறச் செய்தார். அது வெறும் சராசரிதான் என்றும், அந்தச் சிறந்த மாணவர்களுள்ளேயே பாதிப்பேர் அதை எட்டியிருக்கவில்லை என்றும் எரிக்சன் பின்னர் மறுத்துரைத்தபோதிலும், எளிதில் நினைவில் நிற்கும் எண் விளக்கத்தை வென்றுவிட்டது.

உண்மையில் அந்தக் கட்டுரையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது மாணவர்கள் எழுதிய நாட்குறிப்புகளே. இசை தொடர்பான செயல்களில், அதாவது வகுப்பு, கூட்டு வாசிப்பு, இசை கேட்டல் முதலிய அனைத்திலும் சேர்த்து, மூன்று குழுவினரும் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தையே செலவிட்டனர். ஆனால் தனியே அமர்ந்து பயின்ற நேரம் முதலிரு குழுவினருக்கு வாரத்தில் 24 மணி அளவிலும், மூன்றாம் குழுவினருக்கு 9 மணி அளவிலும் இருந்தது. திறனை வளர்ப்பதில் எல்லாவற்றிலும் முக்கியமானது தனிப்பயிற்சியே என்று மதிப்பிட்ட அதே மாணவர்கள், அது மிகுந்த உழைப்பைக் கேட்பது என்றும், பிற இசைச் செயல்களைப் போல் இன்பம் தருவதன்று என்றும் குறித்தனர். இசையில் வாழ்வதும் இசையைப் பயில்வதும் ஒன்றாகிவிடவில்லை என்பதே இந்தக் குறிப்புகளின் செய்தி.

இந்தக் கொள்கை கர்நாடக இசை அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. ஏனெனில், மரபு புரந்தரதாசருக்கு உரியதாகச் சொல்லும் தொடக்கப் பாடமுறை, ஒரு முழுத் திறனைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பிழையை வெளிப்படச் செய்யும் ஏற்பாடாகவே அமைந்திருக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும் சரளி வரிசைகள் சுரங்களின் ஏற்ற இறக்கத்தையும், ஒரே சுரம் இரட்டித்து வரும் ஜண்டை வரிசைகள் இரண்டாம் சுரத்துக்குத் தரவேண்டிய அழுத்தத்தையும், தாட்டு வரிசைகள் சுரங்களைத் தாண்டிச் செல்லும் போக்கையும், அலங்காரங்கள் ஏழு தாளங்களின் நடையையும் தனித்தனியே பயிற்றுகின்றன. இவை மூன்று காலங்களில் பாடப்படுவது இன்னும் கூர்ந்து கவனிக்கத்தக்கது. தாளத்தின் எண்ணிக்கை மாறாமல் நிற்க, முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரமும், இரண்டாம் காலத்தில் இரண்டும், மூன்றாம் காலத்தில் நான்கும் வருகின்றன. முதற்காலத்தில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது, அது தம்புராவின் சுருதியோடு இணைகிறதா, மெல்ல நழுவுகிறதா என்பது மறைக்க இடமின்றித் தெரிகிறது. மூன்றாம் காலத்திலோ சுருதிப் பிழை வேகத்தில் ஒளிந்துகொள்ள, சுரங்களின் இடைவெளி சமமாக இருக்கிறதா, ஜண்டையின் இரு சுரங்களும் ஒன்றாகக் குழைந்துபோகாமல் தனித்து ஒலிக்கின்றனவா என்பவை வெளிச்சத்துக்கு வருகின்றன. ஆகவே மூன்று காலங்கள் என்பவை ஒரே பாடத்தின் எளிய, கடின வடிவங்கள் என்று கருதுவது போதாது. ஒவ்வொரு காலமும் மற்றவை காட்டாத ஒரு பிழையைக் காட்டுகிறது.

ஆயினும் இதே வரிசைகளை, மனம் வேறெங்கோ திரிய, வாய் மட்டும் ஒப்பித்துக்கொண்டிருக்கும் நிலையும் வீடுதோறும் காணக்கூடியதே. அப்போது பாடத்தின் அமைப்பு பயிற்சிக்குரியதாக இருந்தும் நிகழ்வது பயிற்சியாவதில்லை. வேறுபாடு கேட்பதில் இருக்கிறது. தொடக்கநிலை மாணவருக்குத் தம் அபஸ்வரம், அதாவது சுருதி பிசகிய சுரம், காதில் விழுவதே இல்லை. குரு கையை உயர்த்தி நிறுத்தி, அந்த ஓர் இடத்தை மீண்டும் பாடச் சொல்லி, தாமும் பாடிக்காட்டி, இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கேட்கச் செய்கிறார். பல மாதங்கள் இது தொடரும்போது மாணவர் பெறும் முதன்மையான செல்வம் பாடல்களோ வரிசைகளோ ஆகா. குரு இல்லாத அறையிலும் குருவைப் போல் நிறுத்திக் கேட்கத் தெரிந்த ஒரு செவியே அது. எரிக்சன் இதை மன உருவம் என்று விளக்கினார்: ஒரு செயல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் குறித்து மனத்தில் உருவாகும் நுண்மையான அமைப்பு அது, அதனோடு ஒப்பிட்டே ஒருவர் தம் பிழையை அறிகிறார்.

அந்த அமைப்பு எவ்வளவு தனித்தன்மை உடையது என்பதை, எரிக்சனும் வில்லியம் சேஸும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்து 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. நொடிக்கு ஒன்றாகச் சொல்லப்படும் இலக்கங்களை ஒரே தடவை கேட்டு அவ்வாறே திருப்பிச் சொல்லும் பயிற்சியில் ஈடுபட்ட கல்லூரி மாணவர் ஒருவர், தொடக்கத்தில் எல்லோரையும் போல் ஏழு இலக்கங்களையே நினைவில் வைத்திருந்தார்; இருநூறு மணிக்கும் மேற்பட்ட பயிற்சிக்குப் பின் 79 இலக்கங்களைச் சொன்னார். ஓட்டப் பந்தய வீரரான அவர், இலக்கங்களைச் சிறு தொகுதிகளாக்கி ஓட்ட நேரங்களாக மனத்தில் பதித்துக்கொண்டார். அவருடைய நினைவாற்றல் பொதுவாக வளர்ந்துவிட்டதா என்று அறிய, இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது, அவர் மீண்டும் ஆறு எழுத்துகளுக்கே திரும்பினார். ஒரு திறனில் உழைத்துப் பெற்றது பிறவற்றுக்குத் தானாகப் பெயர்ந்து செல்லும் என்று எதிர்பார்ப்போருக்கு இந்த முடிவு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வளர்ந்தது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

பயிற்சியே எல்லாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பொருந்தாது. 2014ஆம் ஆண்டில் மக்னமாராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 88 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, மனிதருக்கு மனிதர் உள்ள திறன் வேறுபாட்டில் பயிற்சியின் அளவால் விளக்கப்படும் பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 விழுக்காடு, இசையில் 21, உடல்சார் விளையாட்டுகளில் 18, கல்வியில் 4, தொழில்களில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டனர். திட்டமிட்ட பயிற்சியையும் வெறும் அனுபவத்தையும் அத்தொகுப்பு கலந்துவிட்டது என்று எரிக்சன் மறுத்தார். அந்த வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. உடலின் இயல்பும் தொடங்கும் வயதும் தம் பங்கைச் செலுத்துகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொன்று உண்டு: வாரத்தில் 24 மணி நேரத்தைத் தனிமையில் செலவிட ஓர் இளைஞருக்கு அமைதியான அறையும், கட்டணம் செலுத்தும் பெற்றோரும், வேறு எவரோ சமைத்து வைத்த உணவும் தேவைப்படுகின்றன. உழைப்பின் பெருமையைப் பேசுவோர் அந்த உழைப்புக்கு வழிவிட்ட பிறருடைய உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல், பயிலாதவரைச் சோம்பலுக்காகக் குறைகூறுவது பெரும் அநீதி.

தொழில்களில் பயிற்சியின் பங்கு மிகச் சிறிதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் விளைவை அறியும் வாய்ப்பின் குறைவாக இருக்கலாம். இசை மாணவருக்குப் பிழை அக்கணமே ஒலிக்கிறது. நோயைத் தவறாகக் கணித்த மருத்துவருக்கோ அந்த நோயாளி வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால் தம் தவறு என்றுமே தெரியவராது. பாடம் புரியாத மாணவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். ஆசிரியர் புரிந்ததாகவே எண்ணி அடுத்த ஆண்டும் அதே வழியில் நடத்துகிறார். இத்தகைய தொழில்களில் திறனை வளர்க்க விரும்புவோர், விளைவு தம்மைத் தேடி வரும் என்று காத்திராமல், அது தம்மிடம் திரும்பிவரும் வழியைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: கணிப்பை முன்கூட்டியே எழுதிவைத்துச் சில வாரங்கள் கழித்து நோயாளியை விசாரித்தல், விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் பாராமல் எந்த விளக்கம் எவ்வகைத் தவறான புரிதலை உண்டாக்கியது என்று தேடுதல் போன்றவை அதற்கான வழிகள். ஊதியமோ பாராட்டோ தராத இந்த வேலையை ஒருவர் தாமாகவே மேற்கொள்கிறாரா என்பதில்தான் அவருடைய தொழிற்பற்று வெளிப்படுகிறது.

வாழ்க்கையைச் சார்ந்த கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. பயிற்சி செவியை வளர்க்கிறது. செவி வளரும்போது, நேற்று நன்றாக ஒலித்த அதே பாட்டு இன்று குறையுடையதாக ஒலிக்கிறது. கையும் குரலும் வளர்வதைவிட விரைவாகச் செவி வளர்வதால், முன்னேறுகிறவர் தாம் பின்னடைந்துவிட்டதாகவே உணர நேர்கிறது; பலர் கற்பதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் அவர்கள் தோல்வி என்று எண்ணியதே வளர்ச்சியின் அடையாளமாக இருந்தது. மன நிறைவை நாடுகிறவர் இத்தகைய ஓயாத குறைகாணலை ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வியும் நேர்மையானதே. எல்லாத் திறன்களிலும் இவ்வாறு வாழ முயல்வது அறிவீனம். முழுக் கவனத்தோடு பயிலக்கூடிய நேரம் தேர்ந்தவர்களுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணிதான் என்பது பெர்லின் ஆய்விலிருந்தே பெறப்படும் செய்தி. எனவே பெரும்பாலான செயல்களைப் பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிடுவதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றையேனும் பழக்கத்திடம் ஒப்படைக்காமல் வைத்திருப்பவருக்கு, தம்மைவிடப் பெரிதான ஓர் அளவுகோலின் முன் நாள்தோறும் நிற்கும் அனுபவம் கிடைக்கிறது. தற்புகழ்ச்சிக்கு இடமளிக்காத அந்த நிலை மனிதரைப் பண்படுத்தக்கூடியது.

முதுமை வந்த பின் இவற்றுக்கெல்லாம் என்ன பொருள் என்பதற்கு, கிராம்ப்பும் எரிக்சனும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒரு பகுதி விடை தருகிறது. அறுபது வயதை ஒட்டிய தேர்ந்த பியானோக் கலைஞர்கள், இசையோடு தொடர்பற்ற விரைவுச் சோதனைகளில் தம் வயதையொத்த பிறரைப் போலவே மந்தமடைந்திருந்தனர். பியானோ வாசிப்புக்குரிய விரலசைவுகளிலோ, பயிற்சியைக் கைவிடாதவர்கள் இளங்கலைஞர்களுக்கு நெருங்கிய நிலையில் இருந்தனர். அவர்கள் அதற்கெனச் செலவிட்ட நேரம் இளமையில் திறனை ஈட்டுவதற்குச் செலவிட்டதைவிடக் குறைவு. முதுமை எல்லாவற்றையும் ஒரே சீராக எடுத்துக்கொள்வதில்லை என்பதும், எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பேணுவது என்று தெரிவுசெய்யும் உரிமையில் ஒரு பகுதி அந்த வயதிலும் மனிதர் வசமே இருக்கிறது என்பதும் இதனால் புலப்படுகின்றன.