காண்பவரின் கடன்

ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்றே அந்த ஊருக்குச் செல்வது சமயச் செயலாகுமா, அல்லது அது கண்ணுக்கு விருந்தளிக்கும் பொழுதுபோக்கு மட்டுமா என்னும் வினா, ஆன்மிகச் சுற்றுலா என்ற பெயரில் கோயில்களைப் பேருந்து நிறுத்தங்களைப்போல வரிசைப்படுத்திக் காட்டும் ஏற்பாடுகள் பெருகியுள்ள இக்காலத்தில் புதிய அழுத்தம் பெறுகிறது. தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருச்செங்கோடு, பவானி, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல். இவற்றுள் முதல் இரண்டும் இன்று திருப்பூரின் பனியன் தொழில் பரவியுள்ள வட்டாரத்துக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பதால், ஒரு காலைப்பொழுதில் இரண்டையும் கண்டு திரும்பிவிடலாம். கண்டு திரும்புதல் இவ்வளவு எளிதாகிவிட்ட நிலையில், அவ்வாறு சென்றவர் உண்மையில் எதைக் கண்டார் என்று கேட்பது தேவையாகிறது.

இவ்விரு ஊர்களையும் கோயிலூர்கள் என்று மட்டும் சொல்வது அவற்றின் பாதி வரலாறே ஆகும். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூரை நோக்கியும் அங்கிருந்து கீழைக் கடற்கரையை நோக்கியும் சென்ற பழைய வணிக வழிகள் நொய்யலாற்றுப் பகுதியை ஊடறுத்தே சென்றன. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக நடைபெற்ற அகழாய்வுகள், பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்று கருதப்படும் அவ்வூரில் மணிக்கல் பட்டறைகளும் இரும்பு உருக்கும் உலைகளும் இயங்கியதையும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைப்பதையும், நூல் நூற்கும் தக்களிகள் அங்குப் புழங்கியதையும் வெளிக்கொணர்ந்தன. கோவைக்கு மேற்கே, ராஜகேசரிப் பெருவழி என்று தன்னைத் தானே அறிவிக்கும் சோழர்காலக் கல்வெட்டு, அந்தப் போக்குவரத்து பிற்காலத்திலும் அரசின் காவலோடு தொடர்ந்ததற்குச் சான்றாக நிற்கிறது. வாரச் சந்தைகளும், அவிநாசியில் இன்றும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் நடைபெறும் பருத்தி ஏலமும், வெள்ளகோவிலுக்கு அருகில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் காங்கேயம் காளைகள் கைமாறும் மாட்டுச் சந்தையும், இவ்வட்டாரத்தில் வழிபாடும் வாணிகமும் ஒரே நாளில் ஒரே திடலில் நிகழ்வதைக் காட்டுகின்றன. ஆகவே, சந்தையின் இரைச்சலை விலக்கிவிட்டுத் தூய ஆன்மிகத்தை மட்டும் காணலாம் என்று இங்கு வருபவர், தொடக்கத்திலேயே ஊரின் ஒரு பகுதியை வெட்டியெறிந்துவிட்டுத்தான் வருகிறார்.

இத்தகைய வெட்டுதல் கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியிலுள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் பழைய சந்தை நகரம், 869இல் டேனியர்களால் கொல்லப்பட்ட எட்மண்ட் அரசரின் சமாதியைச் சுற்றி வளர்ந்தது. அங்கிருந்த துறவியர் மடமே நகரின் நிலத்துக்கும் சந்தை வரிக்கும் உரிமையாளராக இருந்ததால், 1327இல் நகரமக்கள் கிளர்ந்தெழுந்து மடத்தைத் தாக்கி அதன் வாயிலை அழித்தனர். பின்னர் அரண்போல எழுப்பப்பட்ட புதிய வாயில்தான் இன்று பயணிகள் வியந்து பார்க்கும் கட்டடம். எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1539இல் மடம் கலைக்கப்பட்டு, அதன் இடிபாடுகள் பூங்காவின் நடுவே காட்சிப்பொருளாக எஞ்சின. புதன், சனிக்கிழமைச் சந்தையோ நிற்கவில்லை. வழிபாடு மறைந்து கட்டடம் மட்டும் நிலைத்த இடத்தில், அதைச் சமயம் சாராத கண்ணோடு பார்ப்பதைத் தவிரப் பெரும்பாலானவர்களுக்கு வேறு வழியில்லை. எனினும், அந்த வாயிலின் அழகைக் கண்டு, அதை எழுப்பவேண்டி வந்த பிணக்கைக் காணாமல் திரும்புபவர் கல்லைக் கண்டார், ஊரைக் காணவில்லை. அவிநாசியிலோ வழிபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால் அங்கு வேடிக்கை பார்ப்பவரும் வழிபடுபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைப் பிரிப்பது எது என்பதும் கடினமான வினாவாகிறது.

வழிபடுபவரின் பார்வையே உயர்ந்தது என்று உடனே தீர்ப்பளிப்பது நேர்மையாகாது. பற்றில்லாமல் பார்ப்பவரின் கண்ணுக்குப் புலப்படும் பலவற்றைப் பக்தி காணத் தவறியிருக்கிறது. கல்வெட்டுகளின்மேல் சுண்ணாம்பு அடித்ததும், திருப்பணியின்போது மணல்வீச்சுக் கருவியால் தூண்களைத் துப்புரவாக்கி எழுத்துகளைத் தேய்த்ததும் பெரும்பாலும் பக்தியின் பெயரால் நடந்தவையே. அதற்கும் மேலாக, 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, மக்களுள் ஒரு பெரும் பிரிவினருக்குக் கருவறையைக் காணும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது என்பதையும், அந்த மறுப்பைக் காத்தவர்களும் பக்தர்களே என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவே, பக்தர் என்பதாலேயே ஒருவர் சரியாகக் காண்கிறார் என்றோ, பயணி என்பதாலேயே ஒருவர் மேலோட்டமாகக் காண்கிறார் என்றோ கொள்ள முடியாது. வேறுபாட்டை வேறிடத்தில் தேடவேண்டும்.

அதற்கு முன்னர், இறைவன் எங்கும் நிறைந்தவன் என்றால் ஓர் ஊருக்குப் போவானேன் என்னும் பழைய தடைக்கு விடை வேண்டும். எங்கும் உள்ளவனை உணராதவர்க்குத் தீர்த்தமாடுவதால் பயனில்லை என்று திருநாவுக்கரசர் தம் பதிகம் ஒன்றில் வலியுறுத்தினார்; சிவவாக்கியர் கல்லை வழிபடுவதையே எள்ளினார். ஆயினும், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மெய்யுணர்வு பெற்றவரும்கூட அடியாரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கருதித் தொழவேண்டும் என்கிறது. இதற்கான காரணம், ஆன்மாவைப் பற்றிய சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கையில் இருக்கிறது: ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது, அதாவது பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோலத் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுவது. எனவே, இடம் இறைவனுக்குத் தேவைப்படுவதில்லை, ஆன்மாவுக்கே தேவைப்படுகிறது. அச்சூத்திரம் ஆலயத்தை மட்டும் கூறாமல் அடியாரையும் சேர்த்தே கூறுவது கவனிக்கத்தக்கது. கட்டடத்தைச் சார்ந்து மனிதரைச் சாராத பயணம் அதன் கணக்கில் அரைகுறையானதே.

காண்பது என்றால் என்ன என்பதையும் சித்தாந்தம் ஆராய்ந்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அறிவுக்குரிய அளவைகளைப் பேசும் பகுதியில் காட்சியை நான்காகப் பகுக்கிறது. கண் முதலிய பொறிகளின் வழியே பெறுவது வாயிற்காட்சி. பொறிகள் தந்ததை மனம் பற்றித் தெளிவது மானதக்காட்சி. அறிந்தவற்றால் எழும் இன்பத்தையும் துன்பத்தையும் ஆன்மா தனக்குள் நுகர்ந்து அறிவது தன்வேதனைக்காட்சி. தவத்தால் மறைப்புகள் நீங்கிக் காண்பது யோகக்காட்சி. இப்பகுப்பைப் பயணத்துக்குப் பொருத்திப் பார்த்தால், கோபுரத்தின் உயரத்தையும் தேரின் அளவையும் கண்டு வியப்பவர் முதல் படியிலும், அவற்றின் காலத்தையும் கட்டியவரையும் கேட்டறிபவர் இரண்டாம் படியிலும் நிற்கின்றனர் எனலாம். ஊரின் இன்ப துன்பம் தன்னுடையதாகித் தைக்கும் மூன்றாம் படிக்கு நகர்வதே பயணத்தின் தன்மையை மாற்றுகிறது. சித்தியார் சொல்லும் தன்வேதனை ஆன்மாவின் சொந்த நுகர்ச்சி பற்றியதே; அது பிறர் துன்பத்தையும் தழுவி விரிய முடியும் என்பதற்குத் தேவாரம் பாடிய சுந்தரரின் வரலாறே சான்று.

சேர மன்னர் சேரமான் பெருமாளைக் காணக் கொடுங்கோளூருக்குச் செல்லும் வழியில் சுந்தரர் அவிநாசியை அடைந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். தெருவில் ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் கேட்க, அவர் கடந்து செல்லாமல் காரணத்தைக் கேட்கிறார். ஒத்த வயதுடைய இரு சிறுவர் குளத்துக்குச் சென்றபோது ஒருவனை முதலை விழுங்கியது, பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம், இழந்தவர்களுக்கு அதே நாளில் துயரம் புதிதாகிறது என்று தெரிகிறது. வந்திருப்பவர் சுந்தரர் என்று அறிந்த பெற்றோர், தம் அழுகையை விட்டு, முகமலர்ந்து வந்து வணங்குகின்றனர். அப்போது அவர் எடுக்கும் முடிவு, தலப்பயணத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதுகிறது: முதலை வாயிலிருந்து அந்தச் சிறுவனை மீட்டுக் கொடுத்த பிறகே அவிநாசியப்பரின் திருவடியைப் பணிவேன் என்கிறார். கோயிலைக் காண வந்தவர், தெருவில் கண்ட துயருக்குப் பின்னரே கோயில் என்று வரிசையை மாற்றியமைக்கிறார். பதிகம் குளக்கரையில் பிறக்கிறது, சிறுவன் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு மீள்கிறான். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் படிப்பவரின் உரிமை. ஆனால் அந்த வரிசைமாற்றத்தைச் சேக்கிழார் சொல்ல விரும்பினார் என்பதில் ஐயமில்லை.

திருமுருகன்பூண்டி நிகழ்ச்சி இதன் மறுபக்கம். அதற்கு முந்தைய பயணத்தில், சேரமான் அளித்த பொன்னோடும் மணியோடும் திருவாரூருக்குத் திரும்பிய சுந்தரரிடம், வேடர் வடிவில் வந்த சிவகணங்கள் அவற்றைப் பறித்துக்கொண்டன. அவர் பாடிய பதிகம் தலத்தின் பெருமையை அடுக்கும் வழக்கமான புகழ்ச்சியாக அமையாமல், வழிப்போக்கரை அடித்து ஆடையையும் பறிக்கும் கொடியோர் உள்ள ஊரில் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே வினவுவதாக அமைந்தது. வணிகப் பெருவழியில் அமைந்த ஊரின் அச்சம் ஒரு தோத்திர நூலில் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவாகியிருப்பது அரிது. ஊரின் குறையை மூடிவைக்காமல் அதை இறைவன் முன் வைப்பதும் வழிபாடே என்பதை அப்பதிகம் நிலைநாட்டுகிறது. சைவ மரபு அதைத் திருமுறையிலிருந்து நீக்காமல் இன்றும் ஓதிவருவது, அந்த வினாவுக்கு மரபே அளித்த ஒப்புதல்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, இன்றைய பயணி காணவேண்டிய தலம் மதிலோடு முடிந்துவிடுவதில்லை. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே பேசுவது மரபு. தீர்த்தம் என்பது நீர்நிலை. பேரூரில் புனித ஆறாகப் போற்றப்படும் நொய்யல், திருப்பூரைக் கடக்கும்போது சாயப்பட்டறைக் கழிவுகளைச் சுமந்து, கீழே ஒரத்துப்பாளையம் அணையையும் பாசன நிலங்களையும் பாழாக்கியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டு, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத சுத்திகரிப்பை முன்நிபந்தனையாக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. வறண்ட குளங்களுக்குப் பவானியின் உபரிநீரைக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2024இல் தொடங்கிவைக்கப்பட்டு, 1,045 நீர்நிலைகளை இலக்காகக் கொண்டிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனிகளுக்கு வேலை தேடி வந்தவர்கள், இவ்வூர்களின் தெருக்களில் இன்றைய வழிப்போக்கர்கள். இவற்றையெல்லாம் தலத்துக்குப் புறம்பானவை என்று ஒதுக்குவதற்குச் சுந்தரரின் வரலாறு இடம் தரவில்லை.

அப்படியானால், ஓர் ஊரைக் காண வருபவர் எல்லாரும் அதன் துயரங்களைத் தீர்த்துவிட்டுத்தான் போகவேண்டுமா என்று கேட்கலாம். அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது; அவ்வாறு கேட்டால் எவரும் எங்கும் செல்ல முடியாது. சுந்தரர் அவிநாசியில் செய்தவற்றுள் அற்புதம் ஒன்றே ஏனையோரால் இயலாதது. அதற்கு முன் அவர் செய்தவை, நின்றதும் ஒலியைக் கேட்டதும் காரணத்தை வினவியதும், எவராலும் இயலும். கண்டதற்குத் தாமும் ஏதோ ஒருவகையில் பொறுப்புடையவர் என்று ஏற்பவருக்கு அந்தப் பயணம் வழிபாடாகிறது, அவர் திருநீறு அணிந்திருந்தாலும் நிழற்படக் கருவியை ஏந்தியிருந்தாலும். அந்தப் பொறுப்பை மறுப்பவருக்குக் கருவறையின் முன் நிற்பதும் வாயிற்காட்சியே. உடுத்தும் ஆடை எந்த ஆற்றின் செலவில் சாயம் ஏறியது என்று கேட்கும் பயணி, தீர்த்தத்தைப் பற்றிய வினாவைத்தான் கேட்கிறார். அதைக் கோயிலுக்குத் தொடர்பில்லாத வினா என்று தள்ளுவோர், பூண்டிப் பதிகத்தையும் அதே காரணத்தால் தள்ளவேண்டியிருக்கும்.