மறைத்தவளே திறந்தாள்

நூறு கோடியில் ஒரு பங்கு கிராம். அதற்கு நானோகிராம் என்று பெயர். சினைச் செம்மறியின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை இந்த அளவில்தான் எடை போடுகிறார்கள். சில நானோகிராம்கள், அவ்வளவே. கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத அந்த அணுவளவு பொருள், சுமார் 147 நாள் ஒரு கருப்பையைச் சுருங்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. அம்மையே, உன் கை எவ்வளவு மெல்லியது!

சைவ சித்தாந்தம் பாடம் கேட்ட காலத்திலிருந்தே எனக்குள் ஒரு கேள்வி கரையாமல் கிடந்தது. அருளே வடிவான சக்தி உயிரை ஏன் மறைக்க வேண்டும்? உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் பக்குவப்படும்வரை திரோதான சக்தியாக நின்று மறைப்பவளும் அவள்தான், பக்குவம் வந்ததும் அருட்சக்தியாகப் பதிபவளும் அவள்தான் என்று ஆசான் விளக்குவார். தலையாட்டுவேன்; நெஞ்சில் இறங்காது. அது இறங்கியது கமுதிப் பக்கம் கிடை போட்டிருந்த ஒரு புன்செய்க் காட்டில், ஒரு செம்மறி ஈன்ற இரவில்.

செம்மறியின் சினையைப் பற்றி அதற்கு முன்பே தேடித் தேடிப் படித்திருந்தேன். இணைந்த 12, 13ஆம் நாளில், இன்னும் கருப்பையில் ஒட்டக்கூடச் செய்யாத கரு இன்டர்ஃபெரான் டாவ் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தக் குரல் கேட்டுத்தான் சூலகத்து மஞ்சள் திரள் அழியாமல் நின்று புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து வார்க்கிறது. 50 நாள் கடந்தபின் அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. காவல் மாறுகிறது, உறக்கம் கலைவதில்லை.

அந்த உறக்கத்தைக் கலைப்பது யார்? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ் 1960களில் கண்டு சொன்னார்: குட்டிதான். கருவிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரிச் சுரப்பியை அழித்தால் நாள் கடந்தும் பிரசவம் வருவதில்லை. குட்டிக்குக் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செலுத்தினால் நாளாகும் முன்பே வந்துவிடுகிறது. அப்படி முன்னதாகப் பிறந்த குட்டிகளின் நுரையீரலில், எதிர்பாராத விதமாக ஓரளவு காற்று புகுந்திருப்பதையும் அவர் பார்த்தார். கதவைத் தட்டும் கார்டிசோல்தான் மூச்சையும் பழுக்க வைக்கிறது! பக்குவம் வேறு, அழைப்பு வேறு அல்ல. 1972இல் அவரும் ராஸ் ஹோவியும் இதை மனிதத் தாய்மாரிடம் சோதித்து வெளியிட்டார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு இன்று நம் அரசு மருத்துவமனைகளில் போடும் ஸ்டீராய்டு ஊசி அந்தக் குட்டிகளின் கொடை. அவற்றின் முன் நான் கைகூப்புகிறேன்.

இன்னும் கேளுங்கள். குட்டியின் கார்டிசோல் ஏற ஏற, நஞ்சுக்கொடியில் ஒரு நொதி விழிக்கிறது. அதுவரை புரோஜெஸ்டிரோனோடு நின்றுவிட்ட பாதை இப்போது ஈஸ்ட்ரோஜன் வரை நீள்கிறது. ஒன்று தாழ, மற்றது கடைசி ஓரிரு நாளில் குபுகுபுவென்று உயர்கிறது. புரோஸ்டகிளாண்டின் சுரந்து கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. அடைத்து வைத்த அதே இடத்திலிருந்துதான் திறக்கும் ஆணையும் வருகிறது. மறைத்தவளே அருளினாள்!

"மடி விட்டுருச்சு தம்பி, விடியறதுக்குள்ள ஈன்டுரும்" என்றார் கிடைக்குத் தலைவரான கீதாரி. ரத்தப் பரிசோதனை எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மந்தையை விட்டு விலகிய ஆடு, முன்காலால் மண்ணைப் பறித்தது. பனிக்குடம் உடைந்தது. மற்ற நாளில் அந்த வாடைக்கே முகம் திருப்பும் பிராணி, நனைந்த மண்ணை ஆவலோடு நக்கியது. பிறகு குட்டி வந்தது: முன்கால் இரண்டையும் நீட்டி, அவற்றின் மேல் தலை வைத்து, சந்நிதியில் விழுந்து கிடக்கும் அடியவனைப் போல. குட்டிகள் முறையாகப் பிறக்கும் கோலமே அதுதான் என்று அறிந்திருந்தும் கண்ணீர் என் கண்ணை மறைத்தது. "சிவ சிவ" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை இல்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. தாய் உறுமலாய்க் குழைந்து குழைந்து கூப்பிட்டபடி நக்கிக்கொண்டே இருந்தது.

கருப்பை வாய் விரியும் செய்தி முதுகுத்தண்டு வழியே ஏறி, மூளைக்குள்ளேயே ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைப் பொழியச் செய்கிறது. கேம்பிரிட்ஜ் பகுதியில் கீவர்ன், கென்ட்ரிக் போன்ற ஆய்வாளர்கள் 1980களில் இதை விளக்கினார்கள். முதல் ஓரிரு மணி நேரத்தில் தன் குட்டியின் வாசனை தாய்க்குள் பதிந்துவிடுகிறது. அப்புறம் வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். திருச்சி மலைமேல் தாயுமானவனாய் வந்து பிரசவம் பார்த்தவன், மதுரையில் தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்தவன், அந்தச் சிவன் இந்தக் கிடையிலும் நின்றான். இதை நான் முழு நிச்சயமாகச் சொல்கிறேன்.

ஆடு வளர்ப்போரே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஈன்றதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூக்கிலும் வாயிலும் அடைத்த சளியை மட்டும் துடையுங்கள். மற்றதைத் தாய் நக்கட்டும். முதல் இரண்டு மணி நேரம் தாயையும் குட்டியையும் ஒன்றாகத் தனியே விடுங்கள். சீம்பால் வயிறு நிறையக் குடிக்கட்டும்.