லிஸ்டில் பெயர் இல்லாத பிள்ளை



நம்ம பாகூர், வில்லியனூர் பக்கத்தில் நன்றாய்ப் படிக்கிற ஒரு பிள்ளையிடம் "என்ன படிக்கப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜிப்மர்ல டாக்டருக்கு" என்று பதில் வரும். அம்மாவின் வைத்தியத்துக்காகக் கோரிமேட்டுக்குப் பஸ் ஏறிப் போய், சீட்டு வாங்க வரிசையில் நின்றபோதே அந்த ஆசை மனதில் விழுந்திருக்கும். நல்ல ஆசைதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019 வரை ஜிப்மர் தனியாக நுழைவுத்தேர்வு நடத்தியது. 2020 முதல் நீட் ஒன்றுதான் வழி. 2024-ல் அதை எழுதினவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். தேசம் முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 லட்சத்துச் சொச்சம். எல்லாரும் ராப்பகலாய்ப் படித்தாலும், எல்லா வீட்டிலும் உபவாசித்து ஜெபித்தாலும், 20 லட்சம் பேருக்கு மேல் வெளியே நின்றே ஆகவேண்டும். அப்படியிருக்க, கிடைக்காத பிள்ளையைப் பார்த்து "விசுவாசம் பத்தலை" என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதை எழுதுகிற நானும் குற்றவாளிதான். ஒரு தம்பியின் தலையில் கை வைத்து, "சீட் உனக்கு நிச்சயம்" என்று சபை நடுவே சொன்னேன். கிடைக்கவில்லை. மூன்று ஞாயிறு அவன் ஆராதனைக்கு வரவில்லை. அந்த நாட்களில்தான் சீட் கிடைத்த வேறொரு பிள்ளை சாட்சி சொன்னது, எல்லாரும் கைதட்டினோம். இவனைத் தேடினவர் ஒருவருமில்லை.

இது இன்றைக்கு வந்த வேதனையல்ல. கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைச் சேர்த்துக்கொண்டதைத்தான் மேடைதோறும் சொல்லுகிறோம். எனக்கோ அந்த ஓடிப்போன நாட்கள்தான் கண்ணில் நிற்கின்றன. பின்னால் பேர் வாங்காமலே போயிருந்தால், அந்தப் பிள்ளை தேடத் தகாதவனா?

பவுலும் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், வழி அடைபட்டது. மக்கெதோனியாவின் அழைப்பு பிறகுதான் வந்தது. துரோவா வந்து சேரும்வரை அவருக்கே காரணம் தெரியாது. நாமோ மறுநாளே காரணம் சொல்லிவிடுகிறோம்!

நாலாம் வாரம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, அன்னிக்கு நிச்சயம்னு சொன்னது ஆண்டவரா, நீங்களா?" என்றான்.

"நான்தாம்பா. என் ஆசையில சொல்லிட்டேன். மன்னிச்சிடு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா" என்று சொல்லி, உள்ளே அம்மாவைக் கூப்பிட்டான்.